உடற்பயிற்சி பிடிக்காதவர்களுக்கு: கும்மி, பூப்பந்து, படிக்கட்டு

உடற்பயிற்சி என்றதும் "எனக்கு அதெல்லாம் ஒத்து வராதுங்க" என்று நழுவுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரண்டு டீக்கும்தான் எழுந்திருப்போம். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு அதுவும் கிடையாது. எங்கள் ஆபீசில் முப்பது வயதுப் பெண்ணுக்கு இடுப்பு வலி, நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குச் சர்க்கரை. டாக்டர் "நடங்க" என்கிறார். நடக்கிறோம், நாலு நாள். அப்புறம் மழை வரும், மாமியாருக்கு உடம்பு சரியிருக்காது, பிள்ளைக்குப் பரீட்சை வரும், அதோடு சரி.

இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதே பெண்கள் கல்யாண வீட்டில் விடிய விடிய நின்று வேலை செய்கிறார்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறார்கள். உடம்பை அசைப்பதில் அவர்களுக்கு ஒரு வெறுப்பும் இல்லை. தன் உடம்பையே கவனித்து, ஒன்று இரண்டு என்று எண்ணி, எப்போது முடியும் என்று கடிகாரம் பார்த்துச் செய்வதுதான் கசக்கிறது. அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: கவனம் உடம்பை விட்டு வெளியே போகிற ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். பாட்டோ, பந்தோ, சாமியோ, பறவையோ, எதுவாகவும் இருக்கட்டும். உடம்புக்கு வேண்டியது அதன் பின்னாலேயே வந்து சேரும்.

எது பிடிக்கவில்லை என்று முதலில் பாருங்கள்

"பிடிக்கவில்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். தனியாகச் செய்வது பிடிக்கவில்லையா? அப்படியானால் வீட்டில் பாய் விரித்துச் செய்கிற எதுவும் உங்களுக்கு ஆகாது, நாலு பேர் கூடுகிற இடமாகப் பாருங்கள். மற்றவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சமா? கண்ணாடி வைத்த ஜிம்மும், காலையில் ஊரே நடக்கிற பூங்காவும் வேண்டாம். எல்லாரும் ஒரே அசைவைச் செய்கிற கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே செய்வது அலுப்பா? விளையாட்டுப் பக்கம் போங்கள், அங்கே ஒரு பந்து மாதிரி இன்னொன்று வராது. பள்ளிக்கூடத்தில் பி.டி. வகுப்பில் பட்ட அவமானம் இன்னும் மனசில் இருக்கிறதா? அது நிறையப் பேருக்கு உண்டு. அவர்கள் போட்டி, புள்ளி, தோல்வி எதுவும் இல்லாததாகப் பார்க்க வேண்டும். நேரமே இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையான காரணம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

எனக்குத் தனிமைதான் ஆகவில்லை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடந்தாலும் மனசு மாசக் கடைசிக் கணக்கிலேயே நின்றது. அதனால்தான் கும்மிக்குப் போனேன்.

எவ்வளவு வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கிற வேலை. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். ஒன்றுமே செய்யாமல் இருப்பவர் கொஞ்சம் செய்தாலும் பலன் உண்டு என்பதை அதே வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

தினம் 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பெயர் வைத்தார்கள். அந்த எண் பரவியது அப்படித்தான், மருத்துவர்கள் விதித்ததில்லை. போனில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நொந்துபோகிறவர்கள் தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள்.

மிதமான உழைப்பா, கடுமையா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. நாலு சொல்லுக்கு மேல் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமையானது. இது கும்மியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆசிரியர் ஒரு அடி பாடுவார், நாங்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே ஆடுவோம். மெதுவான பாட்டில் வரிசை முழுக்கக் குரல் கேட்கும். தாளம் ஏற ஏற ஒவ்வொருவராகப் பாட்டை விட்டுவிடுவோம், கைத்தட்டல் மட்டும் நிற்கும். பாட்டு விட்டுப்போன இடத்தில் மிதமான உழைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கும்மி

கொங்கு நாட்டில் இருக்கிறவர்களுக்கு வள்ளி கும்மியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளி பிறந்தது, நம்பிராசன் எடுத்து வளர்த்தது, தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி விரட்டியது, முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்தது, யானையாக அண்ணன் பிள்ளையார் வந்தது, கடைசியில் கல்யாணம் என்று கதை முழுவதையும் பாட்டாகப் பாடி வட்டமாக நின்று ஆடுவது. ஒரு காலத்தில் ஆண்கள் ஆடிய ஆட்டம். பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர்களில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றைக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் ராத்திரியில் பெண்கள் கூட்டம்தான் அதிகம்.

பயிற்சி பெரும்பாலும் கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ, வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, ஏழரை எட்டு மணிக்கு நடக்கும். ஒரு குழு சேர்ந்தால் சில வாரம் தொடர்ந்து பழகி, கடைசியில் அரங்கேற்றம். அந்த அரங்கேற்றத் தேதிதான் இதன் பெரிய பலம் என்பேன். ஜிம்முக்கு ஒரு நாள் போகாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஒருவர் வராவிட்டால் வட்டத்தில் இடம் காலியாகத் தெரியும். பக்கத்தில் ஆடுகிறவர் போன் போட்டுவிடுவார்: "ஏனுங் அக்கா, இன்னைக்கு வர்லீங்ளா? நேத்து புது அடி சொல்லிக்குடுத்தாங்க." அந்த போன் வந்த பிறகு யாரால் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க முடியும்?

அசைவு பார்க்க எளிது. வலது காலை வட்டத்துக்குள் எடுத்து வைத்துக் குனிந்து முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு, காலைப் பின்னெடுத்து நிமிர்ந்து தலைக்கு மேலே ஒரு தட்டு, பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்து மறுபடியும். அதையே பாதித் திரும்பி, முழுக்கத் திரும்பி, குதித்து என்று மாற்றிக்கொண்டே போவார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே கையையும் காலையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், தாளம் போய்விடும். என் வரிசையில் பேரன் பேத்தி எடுத்த அம்மாயி ஒருவர் இருந்தார். புதுப் பெண் ஒருத்தி தடுமாறினால் ஆடிக்கொண்டே சொல்வார்: "காலைப் பாக்காத கண்ணு. பாட்டைக் கேளு, காலு தானா வரும்." இதைவிட நல்ல பயிற்சிக் குறிப்பு நான் எங்கேயும் படித்ததில்லை.

புதிதாகப் போகிறவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். வெளி வட்டத்தில் நில்லுங்கள். உள் வட்டத்தில் பழகியவர்கள் வேகமாகப் போவார்கள், அவர்கள் முதுகைப் பார்த்தே அடி பிடித்துக்கொள்ளலாம். குனியும்போது முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மடங்கி முழங்காலையும் கொஞ்சம் மடக்குங்கள், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இது முக்கியம். சிமெண்ட் தளத்தைவிட மண் தரை முழங்காலுக்கு நல்லது. ராத்திரிச் சாப்பாட்டை ஆடி முடித்து வைத்துக்கொள்ளுங்கள், போகுமுன் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் சுண்டலோ போதும். குதிக்கிற அடி வந்தால் முதல் வாரத்தில் குதிக்காமல் நடந்தே செய்யுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மறுநாள் தொடையும் ஆடுசதையும் வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் தானாகப் போகிற வலி அது. மூட்டுக்குள் குத்துகிற மாதிரி வலித்தால் மட்டும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ஒன்றரை மணி நேரப் பயிற்சி என்றால் ஆசிரியர் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிற நேரம் போக ஒரு மணி நேரம் ஆடுவோம். வாரத்தில் மூன்று சாயங்காலம் போனாலே அந்த 150 நிமிடத்தைத் தாண்டிவிடும். எனக்கு அந்தக் கணக்கு திடலில் ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை.

பந்து பிடித்தவர்களுக்கு

கும்மியில் போட்டி இல்லை. அதுவே சிலருக்குச் சப்பென்று இருக்கும். அவர்களுக்குப் பூப்பந்து. மஞ்சள் கம்பளி நூல் பந்து, ஒரு பக்கம் ஐந்து பேர், 24 மீட்டர் நீளம் 12 மீட்டர் அகலத்தில் ஒரு மைதானம். பந்து தரையைத் தொடுவதற்குள் அடித்துவிட வேண்டும். தஞ்சாவூர் அரண்மனையில் ஆடிய ஆட்டம் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. ஐந்து பேர் இருப்பதால் இறகுப்பந்து போல ஒற்றைக்கு ஒற்றை மூச்சு முட்ட ஓட வேண்டாம். பின்வரிசையில் நின்று மெதுவாகப் பழகலாம். இறகுப்பந்துக்குக் காற்று ஆகாது, உள்ளரங்கத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும். பூப்பந்தைத் திறந்த வெளியிலேயே ஆடிவிடலாம். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பள்ளிக்கூட நண்பர்களோடு ஆடுகிறார். ஆட்டம் முடிந்து டீக்கடையில் யார் தோற்றார்கள் என்ற பேச்சு ஒரு மணி நேரம் ஓடும், அடுத்த வாரம் எல்லாரையும் திரும்ப வர வைப்பதே அந்தப் பேச்சுதான்.

நாற்பது தாண்டி முதல் முறையாக மட்டை எடுப்பவர்கள் ஐந்து நிமிடமாவது மெதுவாக நடந்து, தோளைச் சுழற்றிவிட்டு இறங்குங்கள். குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு மாதிரியான தசைநார் சட்டென்று திரும்பி ஓடும்போதுதான் பிய்கிறது.

படிக்கட்டு

வாரத்தில் ஒரு நாள்தான் முடியும் என்பவர்களுக்கு மலைக்கோயில். எங்களுக்குச் சென்னிமலை பக்கம், 1320 படி. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய இடம் என்பதால் பலர் அதைச் சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். வாய்விட்டுச் சொல்ல முடிகிற வேகத்தில் ஏறினால் புதியவர்களுக்கு அதுவே சரியான வேகம். மண்டபம் வந்தால் உட்காருங்கள், அதற்குத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஏறுவதில் மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலுக்குச் சோதனை இறங்குவதில்தான். உடம்பின் மொத்தப் பாரத்தையும் தொடைத் தசை ஒவ்வொரு படியிலும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, மறுநாள் வலியும் அதனால் வருவதே. முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் ஏறும்போது நடந்து, இறங்கும்போது மலைப்பாதை வண்டியில் வந்துவிடலாம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், கல்படி சுடும்.

பறவை பார்க்கிறவர்கள்

ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கிற நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கூழைக்கடா, நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் சுலபமாகப் பார்க்கலாம். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வரும். அதிகாலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற என் மகள் அந்த வாத்துக்காக ஐந்தரைக்கு எழுந்து வருகிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பறவை பார்க்கிற நடை நின்று நின்று போகிற நடை, இதயத்துக்கு அது போதாது. ஒரு இடத்தில் பார்த்து முடித்ததும் அடுத்த இடத்துக்குப் பேச்சில்லாமல் விரசாக நடங்கள், அப்போது இரண்டும் கிடைக்கும்.

நேரமே இல்லாதவர்கள்

இவர்களுக்கு நான் சொல்வது சாப்பாட்டுக்குப் பின் நடை மட்டும்தான். சாப்பிட்டு முடித்துப் பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை குறைவாக ஏறுகிறது. நடக்கிற தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதுதான் காரணம். எங்கள் கம்பெனியில் மத்தியானம் நாங்கள் நாலு பேர் காம்பவுண்டைச் சுற்றுகிறோம். ஆபீசில் பேச முடியாததையெல்லாம் அந்தச் சுற்றில்தான் பேசுகிறோம், அதனாலேயே ஒருவரும் தவற விடுவதில்லை. இதற்குத் தனி உடை, தனி செருப்பு எதுவும் வேண்டாம்.

வலுவுக்கு என்ன செய்வது

கும்மியும் நடையும் மூச்சுக்கும் காலுக்கும் நல்லது. கைக்கும் தோளுக்கும் அவற்றில் பாரம் இல்லை. முப்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, வயதான பிறகு கீழே உட்கார்ந்து எழ முடியாமல் போவதற்கு அது ஒரு பெரிய காரணம். டம்பெல் தூக்குவதில் எனக்கு ஈடுபாடே கிடையாது. மாடித்தோட்டம் போட்டேன். மண் மூட்டையை மாடிக்கு ஏற்றுவது, பையை இடம் மாற்றுவது, இரண்டு கையிலும் சமமாகத் தண்ணீர் வாளி தூக்குவது எல்லாமே பாரம் தூக்குகிற வேலைதான். தக்காளிச் செடி வாடி நிற்கும்போது இன்றைக்குப் பயிற்சி வேண்டாம் என்று தோன்றாது. தோட்டம் இல்லாதவர்கள், சாப்பாட்டையும் காய் நறுக்குவதையும் தரையில் உட்கார்ந்து செய்துவிட்டு, கை ஊன்றாமல் எழப் பழகுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வதே போதும்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள்

இது கட்டாயம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் புதிதாக ஆடவோ ஏறவோ தொடங்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆட்டத்தின் நடுவில் கை நடுங்கி வேர்த்து, கண் மங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், மடியில் கடலை மிட்டாயைவிட உடனே கரைகிற சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் திடலில் வெறுங்காலோடு ஆடக் கூடாது. முள் குத்தினாலும் தெரியாது. எல்லாரும் செருப்பைக் கழற்றினாலும் நீங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய்ப் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நெஞ்சு அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

உங்கள் ஊரில் கும்மி இல்லையென்றால்

மதுரைப் பக்கம் ஒயிலாட்டம், வேறு பல ஊர்களில் கோலாட்டம், சிலம்பம் என்று விசாரித்தால் ஒன்று கிடைக்கும். ஒன்றுமே இல்லையா, நாலு பெண்கள் போதும். ஏதாவது ஒரு வீட்டு முற்றம், இல்லையென்றால் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். முளைப்பாரி எடுத்த வீட்டிலோ பொங்கலுக்கோ ஆடிப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார், அவரைப் பாடச் சொல்லுங்கள். பாட்டுத் தெரிந்தவருக்கு ஆட முடியாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முதல் நாள் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, இவ்வளவு மட்டும் இருபது நிமிடம் ஆடுங்கள். திரும்புவது, குதிப்பது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் அடுத்து என்றைக்கு, யார் வீட்டில் என்பதைக் கலைவதற்கு முன் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். போன் குழுவில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தேதி கிடைக்காது.